கம்பு வீசிப் பார்த்து எடுத்த சேவல்

எங்கள் தோட்டத்து வீடான சாளையில் இப்போது பெரிய சேவல் ஒன்றே ஒன்றுதான். இந்த மாசி வரை மூன்று இருந்தன. பெட்டைகள் ஆறு. கோழி வளர்த்துப் பழகியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததுமே சிரிப்பார்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கணக்கு எழுதியவள். ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி தூங்காமல் தேடிக் கண்டுபிடிப்பேன். இங்கே இரண்டு சேவல் உதைப்பது எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது.

தாராபுரம் பக்கத்தில் இருக்கும், அம்மாவைப் பெற்ற அம்மாயியின் தோட்டங்காட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது கோழி என்ற யோசனையே இல்லை. பையனுக்கு நாட்டுக்கோழி முட்டை கிடைக்குமே என்று போன புரட்டாசியில் சந்தைக்குப் போனேன். புரட்டாசியில் கறிக்கு ஆள் குறைவு, விலை இறங்கியிருக்கும் என்பது என் கெட்டிக்காரத்தனம். இரண்டு மாதக் குஞ்சுகளாக ஒன்பது வாங்கினேன். "எல்லாம் பெட்டைதாங்க" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து, கோழி அடைக்கும் கொடாப்புக்குள் விட்டதும் அம்மாயி குனிந்து ஒரு பார்வை பார்த்தாள். "இதுல மூணு சாவல் கண்ணு" என்றாள். எனக்கு ஒன்பதும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். அந்த வயசில் கொண்டையைப் பார்க்க வேண்டும். பெட்டைக்கு அது வெளிறிச் சின்னதாக இருக்கும். சேவலுக்குச் சிவந்து கொஞ்சம் தடித்திருக்கும். கால் பருமனாக இருக்கும், நிற்கிற நிலையே விறைப்பாக இருக்கும். இதிலும் சந்தேகம் என்றால் நான்காம் மாதம் வரை பொறுத்தால் போதும். சேவலுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வருகிற இறகு நீளமாக, நுனி கூராக, பளபளவென்று இருக்கும். பெட்டையின் இறகு நுனி உருண்டைதான். வயசு கூடக்கூட அம்மாயி சொன்ன மூன்றும் ஒன்று விடாமல் சேவலாகத்தான் ஆயின. ஒன்று கறுப்பு, வெயிலில் நின்றால் பச்சை மின்னும்; அதற்குக் காகம் என்று பெயர். ஒன்று செவலை. மூன்றாவது கழுத்தில் இறகே இல்லாத கிராப்பு. பிறந்ததிலிருந்தே மொட்டைக் கழுத்து. என் பையன் அதைப் பார்த்து "இதை யாரோ பாதி உரிச்சுட்டு விட்டுட்டாங்களா?" என்று கேட்டான்.

சரி, சேவல் வந்ததும் ஒருவகையில் நல்லதுதான், அது இல்லாமல் முட்டை எப்படிக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பி.காம். படித்தவள், முப்பத்தாறு வயசு, அப்படித்தான் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னபோது அம்மாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தாள். "ஏங்கண்ணு, நாமக்கல்லுல கூண்டுக்குள்ள நிக்கிற கோழிக்கெல்லாம் ஆரு சாவல் கட்டி வெச்சிருக்கறாங்க?"

அதுதானே. கடையில் வாங்குகிற வெள்ளை முட்டை எதுவும் சேவலைப் பார்த்த கோழி போட்டதில்லை. பெட்டைக்குப் பருவம் வந்துவிட்டால், பகல் வெளிச்சமும் தீனியும் சரியாக இருந்தால், சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மஞ்சள்கரு முதிர்ந்து இறங்கும். அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேர்ந்து, சவ்வு சேர்ந்து, ஓடு கட்டி வெளியே வர இருபத்துநான்கிலிருந்து இருபத்தாறு மணி நேரம். அதில் ஓடு கட்டுவதற்கு மட்டுமே இருபது மணி நேரம் போகிறது. சேவலின் வேலை ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிற ஒன்று: கரு இறங்கிய உடனே, வெள்ளைக்கரு சேரும் முன்பே, விந்து சேர்ந்தால் அது குஞ்சாகிற முட்டை. சேராவிட்டால் வெறும் முட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். சாப்பிடும்போது ருசியிலும் சத்திலும் வேறுபாடு கிடையாது. உடைத்துப் பார்த்தால் மஞ்சள்கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். வெறும் முட்டையில் அது ஒழுங்கில்லாத சின்னப் பொட்டு. கூடின முட்டையில் பொட்டைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி இருக்கும். கூடின முட்டை என்றாலும் சூடு படாதவரை உள்ளே எதுவும் வளராது. ஆனால் சித்திரை வெயிலில் நம் ஊர்த் திண்ணையே அரை அடைக்குச் சமம். அன்றன்றைக்கு எடுத்து நிழலில் வைத்துவிட வேண்டும்.

மார்கழியில் மூன்றும் கூவப் பழகின. முதல் வாரம் அதைக் கூவல் என்று சொல்ல முடியாது. எண்ணெய் போடாத தகரக் கதவைத் திறப்பது போல இருந்தது. அப்புறம் தொண்டை திறந்தது. விடியற்காலை நாலு மணிக்கு முன்பே காகம் ஆரம்பிக்கும். அது முடித்ததும் செவலை. கடைசியில், யாரோ அனுமதி கொடுத்த மாதிரி, கிராப்பு. ஒருநாள்கூட இந்த வரிசை மாறவில்லை. நான் இதை விளையாட்டாக வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் தேடிப் படித்துவிட்டு வந்தார். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 2013இல் வந்த முடிவு: எப்போதும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தாலும் சேவல் விடியல் நேரத்தை ஒட்டியே கூவுகிறது. அதன் உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சமும் பக்கத்துச் சேவலின் சத்தமும் அதைத் தூண்டிவிடும், ஆனால் அவை இல்லாவிட்டாலும் அது கூவும். அப்புறம் 2015இல் அதே ஆட்கள் சொன்னது, கூட்டத்தில் மேலே இருக்கிற சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி அடுத்தடுத்து என்று. எங்கள் சாளைத் திண்ணையில் படுத்துக்கொண்டே நான் கண்டுபிடித்ததுதான்!

தை பிறந்தபோது பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிட ஆரம்பித்தன. கூடவே கலவரமும்.

பெட்டையைச் சேவல் அணைவதை எங்கள் பக்கம் மிதிப்பது என்றுதான் சொல்வோம். பார்த்தால் அந்தச் சொல் சரி என்று தெரியும். கழுத்து இறகைக் கொத்திப் பிடித்து, முதுகில் ஏறி நின்று, சில நொடிகளில் முடித்து இறங்கிவிடும். பறவைகள் பலவற்றைப் போலச் சேவலுக்கும் வெளியே தெரிகிற உறுப்பு இல்லை. வாலடியில் இரண்டுக்கும் உள்ள துவாரம் தொட்டுக்கொண்டால் போதும். ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டையிலிருந்து பத்துப் பெட்டை என்றால் இந்த மிதிப்பு எந்தப் பெட்டைக்கும் பாரமாக இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டை. அதிலும் மூன்றுக்கும் பிடித்தது ஒரே ஒரு சாம்பல் பெட்டை. மாசி வருவதற்குள் அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகு இல்லை. தோல் சிவந்து, ஓரிடத்தில் நகம் கிழித்திருந்தது. அது கொடாப்பை விட்டு வெளியே வரவே பயந்து, தண்ணீருக்குக்கூட ஓடிப்போய் ஓடி வந்தது.

நான் பழைய பனியன் துணியில் அதற்கு ஒரு முதுகுக் கவசம் தைத்துப் போட்டேன். இறக்கையின் அடியில் எலாஸ்டிக் வைத்து, நன்றாகத்தான் தைத்தேன். சாம்பல் பெட்டை அதைப் போட்டதும் பின்பக்கமாகவே நடந்து போய்த் தொட்டியில் விழுந்தது. அம்மாயி துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள். "துணி தைக்காத. ரெண்டு சாவலைக் கழி" என்றாள்.

எதை வைத்துக்கொள்வது? எனக்குச் சந்தேகமே இல்லை, காகம்தான். அழகு, உயரம், முதல் கூவல், மற்ற இரண்டையும் அடக்கி வைத்திருக்கிற ஆண்மை. அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு கை கம்புத் தானியம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சேவலாகத் தனியே ஒதுங்கியிருக்கும் நேரம் பார்த்து அதன் முன்னால் வீசினாள்.

காகம் குனிந்து தின்றது. நிமிராமல் தின்றது. பக்கத்தில் வந்த பெட்டையை ஒரு கொத்து கொத்தித் துரத்திவிட்டு மறுபடியும் தின்றது.

கிராப்பு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காகம் வருவதற்குள் முடிந்த அளவு விழுங்கியது. அதன் நிலைமை அப்படி.

செவலை கம்பைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி "குக் குக் குக்" என்று வேகமாகக் கூப்பிட்டது. ஒரு மணியை அலகில் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டது. பெட்டைகள் நாலு ஓடி வந்தன. அவை பொறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் தீரும் நேரத்தில்தான் ரெண்டு மணி தின்றது.

"இது குடும்பம் பண்ற சாவல்" என்று சொல்லிவிட்டு அம்மாயி கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதில் பொய்யும் உண்டு என்பதைப் பின்னால் பார்த்தேன். தீனியே இல்லாமல், ஒரு சின்னக் குச்சியை எடுத்துப் போட்டு அதே குரலில் கூப்பிட்டு, ஓடி வருகிற பெட்டையை மிதிக்கப் பார்க்கும். செவலையும் இதைச் செய்யும். பெட்டைகள் ரெண்டு தடவை ஏமாறும், மூன்றாம் தடவை திரும்பிப் பார்க்காது. நிஜமாகவே தீனி கொடுக்கிறவனை நம்பி நிற்பது அவற்றுக்கும் லாபம்தான். மிதிக்க வரும்போதும் செவலையின் பழக்கம் வேறு: ஒரு பக்க இறக்கையைத் தரை தொடத் தாழ்த்தி, கால் நகம் இறகில் உரசி 'டர்ர்' என்று சத்தம் வர, பெட்டையை அரைவட்டம் சுற்றும். பெட்டை தாழ்ந்து உட்கார்ந்தால்தான் ஏறும். காகத்துக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது, துரத்திப் பிடிக்கும்.

காகத்தின் விதியை முடித்துவைத்தது என் பையன்தான். ஆறு வயசு. தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவன் முதுகில் காகம் பாய்ந்தது. சேவலின் காலில் பின்பக்கம் வளர்கிற முள் அந்த வயசில் அரை விரல் நீளம்கூட இல்லை, இருந்தும் சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. இதே அடி முகத்தில் விழுந்திருந்தால் என்று நினைக்கவே பயம். பாய்கிற சேவலைத் திருப்பி உதைத்தால் அது சண்டை என்றே எடுத்துக்கொள்ளும். ஓடினால் ஜெயித்துவிட்டதாக நினைக்கும். நகராமல் நின்று, அது அடங்கியதும் பிடித்து இடுக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தால் சில சேவல்கள் மாறும் என்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் நானும் முயற்சி செய்திருப்பேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பாய்கிற சேவலை வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. சேவல்கட்டுக்கு என்று ஒருவர் நல்ல விலை கேட்டு வந்தார். அம்மாயி திண்ணையை விட்டு இறங்காமலே அனுப்பிவிட்டாள். பிறகு, பத்துப் பன்னிரண்டு பெட்டை வைத்திருக்கும் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வாங்கிப் போனார்.

கிராப்பு முனியப்பனுக்கு நேர்ந்தது. அதே வாரத்தில் பொங்கல் வைத்தோம். மறுநாள் காலை முதலில் கூவியது செவலை. அதற்குப் பின்னால் கூவ ஆளில்லை.

சாம்பல் பெட்டை அடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முட்டை போட்ட இடத்தை விட்டு எழாமல், கையைக் கொண்டுபோனால் உடம்பை உப்பிக்கொண்டு கேரினால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசிப் பத்து நாளில் எடுத்த முட்டைகளில் பெரிதும் சின்னதும் இல்லாமல் நடுத்தரமாகப் பதினொன்றைத் தேர்ந்தெடுத்தாள் அம்மாயி, ஒற்றைப்படைதான் ராசி. மூங்கில் கூடையில் மணல், மேலே வைக்கோல். ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க இது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஆணியைத் தேடிக் கொடுத்தது நான்தான்.

ஏழாம் நாள் ராத்திரி, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம். சிலந்தி வலை போல ரத்த நரம்பு ஓடியவை பத்து. ஒன்று மட்டும் வெறும் மஞ்சள் விளக்காக எரிந்தது, கூமுட்டை. எடுத்துவிட்டோம். இருபத்தோராம் நாள் காலை ஒன்பது குஞ்சு பொரித்திருந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது.

ஒன்பதில் இரண்டுக்குக் கழுத்தில் இறகு இல்லை.

நான் விரல்விட்டு எண்ணினேன். கிராப்பு போய்ச் சேர்ந்த பிறகு போட்ட முட்டைகள்தான் பதினொன்றும். எங்கள் பெட்டை ஒன்றுக்குக்கூட மொட்டைக் கழுத்து கிடையாது. அம்மாயிக்கே கொஞ்சம் திகைப்புதான். "முனியப்பன் திருப்பிக் குடுத்துட்டான்" என்றாள். விஷயம் வேறு. மிதிப்பு முடிந்ததும் விந்து எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. பெட்டையின் முட்டைக் குழாயில் மிக நுண்ணிய சிறு பைகள் உண்டு. அதில் விந்து தங்கி, இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட உயிரோடு இருந்து, அன்றன்றைய கருவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். சேவலை வெட்டின மறுவாரம் போட்ட முட்டையும் பொரிப்பது இதனால்தான். சேவலை மாற்றி, புதுச் சேவலின் குஞ்சு மட்டும் வேண்டும் என்றால் மூன்று வாரமாவது பொறுத்து முட்டை சேர்க்க வேண்டும். இன்னொன்றும் படித்தேன்: பெட்டை தனக்குப் பிடிக்காத, கூட்டத்தில் தாழ்ந்த சேவல் மிதித்தால் அதன் விந்தில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடக்கூடுமாம். அத்தனையையும் மீறி, கடைசியாகக் கூவுகிற, பயந்து பயந்து கம்பு விழுங்குகிற கிராப்பு, வைக்கோல் போருக்குப் பின்னால் எப்போதோ காரியம் சாதித்திருக்கிறது. நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று இப்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

குஞ்சுகள் வந்த பிறகு செவலையின் வேலை இன்னும் கூடிவிட்டது. மேலே வல்லூறு வட்டமிட்டால் ஒரு நீண்ட கூர்மையான குரல். உடனே தாய்க்கோழி குஞ்சுகளோடு வேலிக்கடியில் பதுங்கிவிடும். தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல், விட்டுவிட்டு "கொக்கொக்கொக்" என்று. அதற்குப் பெட்டைகள் பதுங்காது, தலையைத் தூக்கி நின்று எந்தப் பக்கம் என்று பார்க்கும். இரண்டு மாதத்தில் எனக்கே சமையலறையிலிருந்து வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதற்காக அது எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் இரண்டு குஞ்சைக் கீரி கொண்டுபோனது. செவலை கத்தியது, பாய்ந்தது, வால் இறகில் பாதி போனது, குஞ்சு போனது போனதுதான். கொடாப்புக்கு அடியில் கல் அடுக்காமல் விட்டது என் தப்பு.

சேவல் வைத்தாலும் பெட்டை வைத்தாலும் மறக்கக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழி நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டு வாரம் கடந்த பின் ஊசி. பிப்ரவரியில் கால்நடை மருந்தகங்களில் முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறார்கள். சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வெட்கப்படாதீர்கள்.

மீதி ஏழு குஞ்சுக்கு இப்போது மூன்று மாதம். கொண்டை சிவந்தவை மூன்று. அதில் ஒன்று மொட்டைக் கழுத்து. "இந்தச் சாவலுக்குச் சாவலாவே பொறக்குது" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா செவலையைக் குறை சொன்னார். மனுசர்களில்தான் அது அப்பாவைப் பொறுத்தது, கோழியில் தலைகீழ் என்றேன். குஞ்சு ஆணா பெண்ணா என்பது பெட்டையின் கருவிலேயே முடிவாகிவிடுகிறது; சேவலிடமிருந்து போவது எப்போதும் ஒரே வகைதான். அக்கா நம்பவில்லை. நீள முட்டையாக அடை வைத்திருப்பீர்கள், அதுதான் சேவல், உருண்டை முட்டையாக வைத்திருந்தால் பெட்டை பொரித்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டையின் வடிவத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மாயிக்குத் தெரியாமல் ஒரு கை கம்பை எடுத்துப் போய் அந்த மூன்று இளஞ்சேவல் முன்னால் வீசினேன். மூன்றும் குனிந்த தலை நிமிராமல் தின்றன. கிராப்புக் குட்டி மட்டும் நடுவில் ஒருதரம் நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, முன்னைவிட வேகமாகத் தின்றது. திரும்பினால் அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அதுகளுக்கு இன்னும் கூவவே வரல. ரெண்டு மாசம் போகட்டும் கண்ணு" என்றாள்.